எலுமிச்சை வைத்துக் கொடுத்த தட்டு

மார்ச் 19, 1998. வியாழன்
காலையிலிருந்து தூறல். ஜன்னல் துடைக்க முடியவில்லை. சூசையப்பர் திருநாள். வேலை வீட்டுச் சிஞ்ஞோரா கோயிலுக்கு, அவர் கணவர் புரொபெசோரே கூட்டத்துக்கு. பக்கத்து ஊர் ஒன்றில் நகரக் காவலுக்கு ஆள் எடுக்கும் குழுவில் அவரைப் போட்டு மூன்று மாதம். விடைத்தாளில் பெயர் கூடாது, எண் மட்டும் என்று விதி கொண்டுவரப் பார்க்கிறார். மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசையிலும் இதே கதை.

பதினொரு மணிபோல் சீசா என்கிற பகுதியிலிருந்து பீனா என்று ஒருத்தி. தட்டு நிறையத் திருநாள் பலகாரம். வாங்கினேன். திருநாளில் கொண்டுவந்ததை வேண்டாம் என்பதா? தட்டைக் கழுவினேன். வெறுந்தட்டாகக் கொடுக்க மனம் வரவில்லை. பல்கனி மரத்து எலுமிச்சை நாலு வைத்துக் கொடுத்தேன். என் கையில் முத்தமிட்டாள். நல்ல மனுசி.

மார்ச் 21. சனி
வெயில். விரிப்புகள் காய்ந்தன. முழங்கால் நோ.

பீனாவின் மகன் அந்தக் காவல் வேலைக்கு எழுதியவனாம். பலகாரத்தை எடுத்தார்கள், பதிலுக்குப் பழமும் தந்தார்கள், இனி மகனுக்கு வேலை நிச்சயம் என்று தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். குழுவுக்கும் எட்டிவிட்டது. எங்கள் ஊரில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பமாட்டோம் என்று புரொபெசோரேயிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். மடைச்சி நான்.

மார்ச் 24. செவ்வாய்
வாங்க: சவர்க்காரம், உருளைக்கிழங்கு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கொப்பி.

சமையலறையில் வைத்து சிஞ்ஞோரா சொன்னார். வேலைக்காரி தனக்குத் தெரியாமல் வாங்கினாள் என்று புரொபெசோரே ஒரு கடிதம் கொடுத்தால் குழு விட்டுவிடுமாம். கடிதத்தில் என் பெயரும் விலாசமும் வேண்டும். எனக்கு இன்னும் பெர்மெஸ்ஸோ இல்லை, இந்த நாட்டில் தங்கும் அனுமதிப் பேப்பர். பொலிஸ் கெஸ்தூராவில் விண்ணப்பம் கிடக்கிறது. அவளுடைய பெயரை எழுதமாட்டேன் என்று புரொபெசோரே ஒரே பிடி. எனக்கு இது தெரியக்கூடாது என்றும் சொன்னாராம்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன், நானே போய்க் குழுவிடம் சொல்லட்டுமா என்று. சோற்றைப் பிசைந்தபடியே,
"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். பேப்பர் கைக்கு வரட்டும். பிறகு போய்ச் சொல்லுவம்."
"ஓம்" என்றேன். உடனேயே சொன்னேன். அதுதான் வெட்கம்.

மார்ச் 27. வெள்ளி
ஆபிரிக்கக் காற்று. பல்கனி முழுக்கச் செம்மண் தூசி. இரண்டு தரம் கழுவினேன்.

புரொபெசோரே நேற்றுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். விடைத்தாளில் பெயர் பழையபடி இருக்கும். பீனாவின் மகனையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அவன் நன்றாக எழுதினானோ, யாருக்குத் தெரியும். அவர் பகல் முழுக்க ரேடியோவும் போடாமல் இருந்தார். தேநீர் கொண்டுபோனால் எப்போதும்போல நன்றி சொன்னார். கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மார்ச் 30. திங்கள்
பெர்மெஸ்ஸோ கிடைத்தது. கெஸ்தூராவிலிருந்து நேரே வேலைக்கு. பஸ்ஸில் இடமில்லை, நின்றபடி. கணவருக்குப் போன் எடுக்கவில்லை.

புரொபெசோரேயிடம் காட்டினேன். இன்றைக்கே குழுவிடம் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன்.
"இனி யாரிடம் சொல்வாய், மகளே?" என்றார். வாழ்த்தும் சொன்னார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

பேப்பர் வரமுன்னமே போயிருக்கலாம். இரண்டு பஸ் மாறினால் அந்த ஊர். வழி தெரியும். நான் போகவில்லை.