திருப்பிக் கொடுக்காத இடம்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் அதே புகார். ஆஸ்பத்திரியின் மருந்து இருப்பைக் கணக்கிடும் என் புரோகிராம் காலையில் மெமரியை வாரி எடுத்துக்கொள்கிறது. வேலை முடிந்தும் விடுவதில்லை. அதே சர்வரில்தான் வார்டு அழைப்பு மணி புரோகிராமும் ஓடுகிறது. அதற்கு இடம் போதவில்லை. சர்வர்களைக் கவனிப்பவர் யாரையும் நம்பமாட்டார். நாங்கள் வைத்த பெயர் 'சந்தேகம்'. என் மேசை முன்னால் வந்து நின்றார். "எடுத்ததை விடணும்னு தெரியாதா உங்களுக்கு?"

விட்டிருக்கிறேன். வரி வரியாகப் பார்த்துவிட்டேன்.

மார்ச் 4

நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அப்பா முதியோர் இல்லம் பாக்கச் சொல்றாரு. ஹால் சோபாவுல படுத்துப் படுத்து இடுப்பு போச்சு. அண்ணன் ரூமை இன்னுமா பூட்டி வச்சிருக்கீங்க?"

இறந்துபோன என் கணவருடைய துணி, புத்தகம், மருந்து எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கட்டிலும் மேசையும்தான் மிச்சம். காலி அறைதான். பிறகு ஏன் பூட்டு? — தெரியவில்லை.

மார்ச் 5

மாமனாரிடம் இல்லத்தைப் பற்றிக் கேட்டேன். "எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

மார்ச் 7, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன். புரோகிராம் விடும் மெமரி நேராக ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குப் போவதில்லை. நடுவில் அலோகேட்டர் இருக்கிறது. சிஸ்டத்திடம் மொத்தமாக வாங்கி, கேட்கும்போதெல்லாம் பிரித்துக் கொடுப்பது அதுதான். நாம் விட்டதை, எப்படியும் நாளைக்குக் கேட்பார்கள் என்று தன்னிடமே வைத்துக்கொள்கிறது. எங்கள் சர்வரில், கடைசி முனையிலிருந்து மட்டும்தான் திருப்பிக் கொடுக்கிறது. அந்த முனையில் நான் விடாத ஒரு துணுக்கு உட்கார்ந்திருந்தது: கணக்கு கடைசியாக எப்போது முடிந்தது என்ற சின்னக் குறிப்பு. அதற்குக் கீழே அத்தனையும் காலி.

சந்தேகத்திடம் சொன்னேன். "காலியா கெடக்கு, ஆனா யாருக்கும் கெடையாது. நல்ல நியாயம்ங்க!" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பூட்டிய அறையின் மேசை விளக்குதான் மனதில். என் கணவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எரிந்துகொண்டிருந்தது. இதுவரை அணைக்கவில்லை. பல்பு போனால் பூட்டைத் திறந்து புதுசு போட்டுவிட்டு மறுபடி பூட்டுகிறேன். இதைப் போய் யாரிடம் சொல்வது?

மார்ச் 10, திங்கள்

காலையில் நான் திருத்தத்தைப் போடுவதற்குள் மணி புரோகிராம் போய்விட்டது. மெமரி தீர்ந்துபோனால் சிஸ்டம் ஓடும் புரோகிராம்களில் ஒன்றைக் கொன்றாக வேண்டும். அது என்னுடையதை விட்டுவிட்டு மணி புரோகிராமைக் கொன்றது. இடத்தைப் பிடித்து வைத்தது நான், போனது அது. நர்சுகள் கட்டில் கட்டிலாக நடந்து பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குறிப்பை ஆரம்பத்திலேயே அடியில் வைத்துவிட்டு, கணக்கு முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பிக் கொடு என்று ஒரு வரி சேர்த்தேன். திரையில் மெமரி அளவைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கியது.

வீட்டுக்கு வந்தால் மாமா பை கட்டி வைத்திருக்கிறார். நாளைக்கு இல்லத்தைப் பார்க்கப் போகிறாராம், பிடித்தால் அங்கேயே தங்கிவிடுவாராம். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

"மாமா, நீங்க இங்கதான் படுக்கணும்."

"அது அவன் ரூமும்மா."

"காலியாத்தான் மாமா கெடக்கு. நான்தான் பிடிச்சு வச்சிருந்தேன். எங்கயும் போகாதீங்க." அழுதுவிட்டேன்.

அவர் வாசலிலேயே நின்றார். "கதவுக்கடியில வெளிச்சம் தெரியும். அவன் உள்ள படிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத் தூங்கிருவேன். அதான் நானும் கேக்கலம்மா."

நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

மார்ச் 11

மாமா கட்டிலில் படுத்தார். பையைப் பிரித்துச் சட்டைகளைச் சுவர் அலமாரியில் வைத்தேன். விளக்கை இருவருமே தொடவில்லை.

மார்ச் 13, வியாழன்

மணி புரோகிராம் ஒழுங்காக ஓடுகிறது. சந்தேகம் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

படுக்கப் போகும்போது மாமா உள்ளேயிருந்து கூப்பிட்டார். "கண்ணு கூசுதும்மா. அணைச்சிரட்டுமா?"

கதவுக்கடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தேன்.

"அணைச்சிருங்க மாமா."

சுவிட்ச் சத்தம். கதவுக்கடியில் இருட்டு. நான் ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் மாமாவின் குறட்டை கேட்டது.