அப்பா செத்ததாகப் போட்ட வீடியோ

பூம்பாறை

அன்புள்ள மகன் முகேஷுக்கு, அம்மா சொல்லச் சொல்ல ஷர்மிளா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தங்கச்சி மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அந்தப் பனியில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்று அதே நினைப்பாக இருக்கிறோம். (அண்ணே, நான் வழக்கம்போல நலம் என்றுதான் ஆரம்பித்தேன். "நலம் கெலமெல்லாம் அப்பறம், மொதல்ல உசுரோட இருக்கோம்னு எழுதுடி, புள்ள அதுக்குத்தான் காத்துக் கெடக்கும்" என்று அம்மா அதட்டினாள். அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் என் சரக்கு, மற்றதெல்லாம் அம்மா சரக்கு.)

அன்றைக்கு நீ பட்டாளத்திலிருந்து பேசி, அப்பா குரலைக் கேட்டதும் அழுதாய், லைன் அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்களை டவர் கிடைக்காத மலைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். அப்பா சாகவில்லை என்பதோடு உனக்கு விஷயம் முடிந்திருக்கும், இங்கே முடியவில்லை மகனே, அதனால்தான் கடுதாசி. விபத்து நடந்த அன்றைக்குப் பூண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்குக் கிளம்பிய வண்டியில் அப்பாவும் போனார், ஓட்டியது நம் பெரும்பாறை வேலப்பன். உனக்கு லீவு கிடைத்தால் பஸ் ஸ்டாண்டுக்கு வண்டியோடு வந்து நிற்பானே, அவன்தான். விதைப்பூண்டு பார்க்க வேண்டும் என்று அப்பா வழியிலேயே இறங்கி வில்பட்டிக்குப் போய்விட்டார். பிடித்த மழை விடவில்லை, கரண்டும் இல்லை, போனில் சார்ஜும் இல்லை, அங்கே விதைப்பூண்டு விற்கிற நல்லுசாமி வீட்டிலேயே படுத்துவிட்டார். வண்டி மலைப்பாதை வளைவில் உருண்டுவிட்டது. பள்ளத்திலிருந்து தூக்கிய உடம்பில் முகம் அடையாளம் தெரியவில்லை, போட்டிருந்த ஜெர்கின் பையில் உன் அப்பாவின் ஆதார் ஜெராக்ஸ் இருந்திருக்கிறது. போலீஸ்காரர் எங்களுக்குச் சொல்வதற்கு முன்னாலேயே உன்னோடு படித்த வேல்ராஜ் அதைப் படம் பிடித்து, அவனுடைய குளிர்மலை லைவில் போட்டுவிட்டான், தானே வண்டி ஓட்டிச் சென்ற பூம்பாறை விவசாயி அழகுமலை பலி என்று. (லைவ் என்று பேர் வைத்துக்கொண்டு உயிரோடு இருப்பவரைக் கொன்ற ஒரே சேனல் அதுதான் அண்ணே. கோயில் திருவிழாவில் அப்பா முதல் மரியாதை வாங்கியபோது எடுத்த படம் எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது, மாலை ரெடியாகக் கழுத்திலேயே இருந்ததால் அவனுக்கு எடிட்டிங் செலவு மிச்சம்.) லோக்கல் கேபிளில் கீழே எழுத்தாக ஓடியது, மறுநாள் ஒரு பேப்பரிலும் வந்துவிட்டது. (அதில் அப்பாவின் வயது மட்டும் சரி.) வேல்ராஜ் அனுப்பிய வீடியோ ஊர் ஊராகச் சுற்றி உன் கைக்கும் வந்துவிட்டது. அப்பா பேரைத்தான் போட்டார்களே தவிர, ஓட்டிப் போனவன் என்ன ஆனான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை மகனே, எனக்கு அப்போது புத்தி எங்கே இருந்தது.

விடிந்ததும் பந்தல் போட்டுவிட்டார்கள். அப்பா பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. வேலப்பன் பெண்டாட்டி குப்பம்மாள் வீடியோவைப் பார்த்துவிட்டு வெள்ளனே பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி, மாலையோடு வந்தாள். தானே ஓட்டியதாகத்தானே போட்டிருந்தது, அதனால் தன் புருஷன் இங்கே நமக்கு ஒத்தாசையாக நிற்கிறான் என்று நினைத்திருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணனை எமன் கொண்டுபோயிட்டானே மதினி, எனக்குப் பொறந்த வீடுன்னு இருந்தது அவருதானே" என்று அழுதாள். என் வாய்க்குள் காப்பியை ஊற்றியவளும் அவள்தான். கொஞ்சம் கழித்து, "இவரு எங்க மதினி, ஆஸ்பத்திரியில நிக்கிறாரா? ராத்திரியெல்லாம் போனு எடுக்கல" என்று கேட்டாள். அப்போதுதான் உன் அப்பா வில்பட்டியிலிருந்து தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். பந்தலைப் பார்த்து, "யாருலே செத்தது?" என்று மேளக்காரரிடம் கேட்டிருக்கிறார், அவர் மேளத்தைப் போட்டுவிட்டு ஓடினார். (தன் சாவுக்கே லேட்டாக வந்த மனுஷன் என்று நான் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.) எல்லோரையும்விடக் குப்பம்மாள்தான் அதிகமாகச் சிரித்தாள். அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போன உசுரு வந்துருச்சுண்ணே, வாங்கிட்டு வந்த மாலைய எந்தச் சாமிக்குப் போட" என்று குதித்தாள். வேல்ராஜ் அதையும் படம் பிடித்தான். அப்பாவுக்கு ஒருத்தர் ஜெர்கின் கதையைச் சொல்ல, அவர் முகம் மாறிவிட்டது, குப்பம்மாளைப் பார்த்து, "வேலப்பன் வீட்டுக்கு வந்துட்டானாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான், அவள் அப்பாவின் கையை விட்டுவிட்டாள்.

குப்பம்மாள் ஆஸ்பத்திரியில் உடம்பைப் பார்த்துவிட்டு, இது யாரோ, அவரில்லை என்று சொல்லிவிட்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. "எங்கண்ணனையும் இப்படித்தான் போட்டாங்க, நடந்து வரலையா? இவரும் வருவாரு" என்பதே பேச்சு. அதற்குத் தோதாக வேல்ராஜ், இறந்தது யார், நீடிக்கும் மர்மம் என்று இன்னொன்று போட்டான். அதன் கீழே எவனோ, வேலப்பனை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன் என்று எழுதிவிட்டான். இவள் போய் அந்த பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரும்பாறை பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்திருக்கிறாள். இருட்டினால் பஸ் ஏறி ஊருக்குப் போவாள், மறுநாள் திரும்ப வருவாள். உடம்பு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. தினமும் அப்பாவுக்குப் போன் செய்து, நீங்க எந்த வழியா வந்தீங்கண்ணே, இவருக்கு அந்த வழி தெரியுமா என்று கேட்பாள். அப்பா போனைக் கண்டாலே வெளியே போய்விடுவார். சோறு இறங்கவில்லை. நான் திரும்பி வந்திருக்கவே கூடாது ராக்காயி என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

கடைசியில் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து அந்த ஜெர்கினைத் திருப்பிக் கொடுத்தார்கள். டாக்டர் முதுகுப் பக்கம் வெட்டித்தான் கழற்றியிருந்தார். அப்பா அதை வாங்கிப் பார்த்துவிட்டு நேராக வத்தலக்குண்டு போனார், நானும் போனேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவள் மடியில் வைத்தார். அன்றைக்கு நம் காட்டில் மூட்டை ஏற்றும்போது வேலப்பனுக்கு நடுக்கம், கீழ்மலைக்காரனுக்கு நம் குளிர் தாங்காது. அப்பா தன் ஜெர்கினைப் போட்டுவிட்டார், ஜிப் பிய்ந்துபோயிருந்தது. கையில் மூட்டை தைக்கிற கோணி ஊசியும் சணலும் இருந்ததால், நெஞ்சிலிருந்து கீழே வரைக்கும் அவன் மேலேயே தைத்துவிட்டு, "ஒன்னையும் மூட்டை கட்டியாச்சு, வெரசா கெளம்பு" என்று சிரித்திருக்கிறார். அவனும், சந்தையில் என்னையும் எடை போட்டுராம இருந்தாச் சரி என்று சிரித்திருக்கிறான். அதையெல்லாம் அப்பா அவளிடம் சொன்னார். "அறுக்காம இதைக் கழட்ட முடியாதும்மா. வேற யாருக்கும் அவன் குடுத்திருக்க முடியாது. தையல் நான் போட்டபடியே இருக்கு பாரு" என்றார். குப்பம்மாள் ஒவ்வொரு தையலாக விரலால் தொட்டுக்கொண்டே போய்க் கீழே இருந்த முடிச்சுக்கு வந்தாள். "முடிச்சும் அவுரலையேண்ணே" என்றாள். பெரும்பாறை பஸ் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

எரித்தாகிவிட்டது. பொறந்த வீட்டுக் கோடிச்சேலையை அப்பாதான் கொண்டுபோய்ப் போட்டார், கூடப்பிறந்தவன் செய்ய வேண்டியதைச் செய்தார். ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது. செத்தவர் உயிரோடு வந்த அதிசயம் என்று பந்தலில் எடுத்த அந்த வீடியோ இன்னும் ஓடுகிறது. அப்பா கையைப் பிடித்துக் குப்பம்மாள் குதித்துச் சிரிப்பதுதான் முகப்புப் படம். புருஷன் பிணமாகக் கிடக்கும்போது சிரிப்பைப் பார் என்று கீழே எழுதுகிறார்கள், அவள் மகளிடம் பள்ளிக்கூடத்தில் யாரோ காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அம்மாவோடு பேசுவதில்லை. குப்பம்மாள் இப்போது வேலைக்கும் போவதில்லை, வாசலுக்கும் வருவதில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி அப்பா வேல்ராஜிடம் போய்க் கேட்டார், "அதுதான் மாமா நல்லா ஓடுது, அதுல உங்களைப் பத்தி நல்லதாத்தானே போட்டிருக்கேன்" என்கிறான். ஷர்மிளா போய்ச் சண்டை போட்டாள், அதையும் படம் எடுக்க வந்தான். வேலப்பன்தான் இறந்தான் என்று ஒரு வரி போடச் சொன்னதற்கு, பழைய செய்தியை யார் பார்ப்பார்கள் என்கிறான். எங்கள் பேச்சு அவனிடம் எடுபடாது. சின்ன வயதிலிருந்து அவன் பயப்படுவது உனக்கு மட்டும்தான்.

குளிரில் வெறும் வயிற்றோடு காவலுக்குப் போகாதே, காலுறை ஈரமானால் உடனே மாற்று, மேலதிகாரி பேச்சுக்கு எதிர்ப்பேச்சு வேண்டாம். நம் ஊர்ச் சாமி குழந்தை வேலப்பர் உன் கூடவே இருப்பார், நீண்ட ஆயுளோடு நல்லபடியாக ஊர் வந்து சேர். கீழே இறங்கி டவர் கிடைத்ததும் முதலில் வேல்ராஜைக் கூப்பிட்டு, அந்தச் சிரிப்பை எடுத்துவிடச் சொல். எங்களை அப்புறம் கூப்பிடலாம், நாங்கள்தான் உயிரோடு இருக்கிறோமே.

இப்படிக்கு,
உன் அம்மா ராக்காயி (பெருவிரல் ரேகை)
அப்பா அழகுமலை (அவரே போட்ட கையெழுத்து)
எழுதியது ஷர்மிளா