நீல டிரம்மில் ஊறுவது

செப்டம்பர் 8, 2025

கடியப்பட்டணம் ததேயுஸ் ஆகிய நான், மாதா பிறந்த இந்த நன்னாளில், முழுச் சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்: இனி இதில் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நம்பினால் அது அவரவர் பாடு.

குவைத்திலிருந்து ஷைஜா பேசினாள். என் அக்காள் மகள். அங்கே நர்ஸ். அக்காள் போனபிறகு எனக்கென்று இருப்பவள் அவள் ஒருத்திதான். கிறிஸ்துமசுக்கு வருகிறாளாம். தங்குவது நாகர்கோவில் லாட்ஜில்.

"மாமாக்க வீடு இருக்கும்போ லாட்ஜா மக்கா?"

"போன தடவ பட்ட பாடு போதும் மாமா. ஒங்க பினாயில் மணத்துல மூச்சு இழுப்பு வந்து செத்துப் பொழச்சேன்."

மெய்தான். அவள் வருகிற சந்தோஷத்தில் பாட்டில் பாட்டிலாக ஊற்றிக் கழுவியிருந்தேன். அந்த நெடிக்கு வட்டக்கோட்டை மதிலில் பல்லிகள் மயங்கி விழுந்தன. நடுக்கடலில் சுறாக்கள் தும்மின.

இந்தத் தடவை பினாயில் இல்லை. பிளீச்சிங் பவுடர் இல்லை. என் கையால் செய்த சரக்கால் இந்த வீட்டைக் கழுவி, அவளை இங்கேயே உறங்க வைக்கிறேன்.

செப்டம்பர் 10

ஜூஸ் கடையில் சாத்துக்குடித் தோலும் அன்னாசித் தோலும் சாக்கோடு கேட்டேன். ஆடு வளர்க்கிறீர்களா என்றார் கடைக்காரர். யானை என்றேன்.

நீல டிரம்மில் தோலைப் போட்டு, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, தண்ணீர் விட்டு மூடியாயிற்று. மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்கிற தண்ணீர் ஆகுமாம். தினமும் மூடியைத் திறந்து காற்றை விட வேண்டும். இல்லாவிட்டால் வெடிக்கும். வெடித்தால் இலங்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும்.

செப்டம்பர் 19

டிரம் பேசுகிறது, குமிழி குமிழியாக. இந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டு நாளாயிற்று. நானும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24

பக்கத்து வீட்டு அல்போன்ஸ் மூக்கை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தான்.

"ஏலே ததேயு, ஊறல் போட்டிருக்கியா? எப்பம் காய்ச்சப் போற?"

"வீடு கழுவதுக்குலே."

"வயிறும் ஒரு வீடுதானே மக்கா. எனக்கு ஒரு கிளாஸ் மாத்தி வை."

சிரித்தேன். சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். 'கிளாஸ் எதுக்கு, கடற்கரை முழுக்கப் பைப் போட்டு விடப்போறேன்' என்று பெருமையடித்து அனுப்பினேன்.

அக்டோபர் 6

ஜெபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாக வந்து ஒருநாள் தங்கும். நாளை என் வீட்டு முறை. உப்புக்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பியைப் புளிப்பான பிலிம்பிக்காய் நசுக்கித் தேய்த்தேன். பித்தளை விளக்குக்குப் புளியும் சாம்பலும். துடைத்து வைத்ததும் சூரியன் வந்து விலாசம் கேட்டது.

அக்டோபர் 7

வரவில்லை.

அன்பியத் தலைவி ஜெபமணிதான் தெரு ஜெபத்துக்கெல்லாம் பொறுப்பு. வாசலுக்கு வெளியே நின்றே சொன்னாள். "கோவிக்காதீங்க அண்ணே. சாராயம் ஊறுற வீட்டுல மாதாவ எப்பிடிக் கொண்டு வைக்க?"

தோல் தண்ணீர் என்றேன். டிரம்மைத் திறந்தும் காட்டினேன். அதிலிருந்து எழுந்த வாடை எனக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லவில்லை.

சுரூபம் அல்போன்ஸ் வீட்டுக்குப் போயிற்று. அவர்கள் ஜெபம் சொல்லச் சொல்ல நான் இங்கிருந்தே பதில் சொன்னேன். கொஞ்சம் மெதுவாக.

அக்டோபர் 11

ஷைஜாவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மறுபடியும் தொடங்கியாச்சா மாமா? குடிக்க மாட்டேன்னு அம்மைக்கு சத்தியம் பண்ணிக் குடுத்தீங்கல்லா?"

"தர கழுவதுக்கு மக்கா. சத்தியமா."

"பைப் போட்டு ஊருக்கெல்லாம் விடப்போறதா நீங்கதானே சொன்னீங்களாம்?"

"அது தமாசுக்கு—"

"எது தமாசு, எது நெசம்னு நான் எப்பிடி மாமா கண்டுபிடிக்க?"

வைத்துவிட்டாள்.

குடிக்கல்ல மக்கா. ஒரு சொட்டு குடிக்கல்ல. யாருகிட்ட போய்ச் சொல்ல? இத்தன வருசமா சுறாவும் திமிங்கலமுமா அளந்துட்டு — இப்பம் தண்ணியத் தண்ணின்னு சொன்னாலும் நம்ப ஆளில்ல.

அக்டோபர் 12

டிரம்மைச் சாய்த்துக் கொட்டிவிடலாமா? கொட்டினால், குடித்துத் தீர்த்துவிட்டான் என்பார்கள்.

மூடியைத் திறந்து காற்றை விட்டேன்.

நவம்பர் 17

மழை. அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

டிசம்பர் 10

சாராய வாடை போய்விட்டது. புளித்த பழ மணம் மட்டும். வடிகட்டி, வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி விட்டு, தேங்காய்க் கதம்பை நாரால் தரையைத் தேய்த்தேன். பளபளப்பில் என் முகம் தெரிந்தது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எழுந்து வழிவிட்டேன்.

டிசம்பர் 23

ஷைஜா வந்தாள், ஆட்டோவை வாசலில் நிறுத்திவைத்துவிட்டு.

"இருக்கல்ல மாமா. பாத்துட்டுப் போவ வந்தேன்." பிறகு, "ஊதுங்க."

போலீசுக்கு ஊதுவதுபோல ஊதினேன். நர்ஸ் மூக்குக்குப் பழங்கஞ்சியும் உள்ளியும் தவிர ஒன்றும் சிக்கியிருக்காது. அப்படியும் நம்பாமல் நேரே டிரம்மிடம் போனாள்.

"இதுல என்ன இருக்கு?"

நாக்கு நுனியில் ஒரு கப்பல் புளுகு வந்து நின்றது. விழுங்கினேன்.

"தோலு. கருப்பட்டி. தண்ணி."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"எதுக்கு இதெல்லாம்?"

"நீ இங்க கெடந்து ஒறங்கதுக்கு."

பிறகு வெளியே போய் ஆட்டோக்காரரிடம், "நீங்க போங்கண்ணே" என்றாள்.

மத்தியானம் சாளைக் குழம்பு. சாப்பிட்ட கையோடு முன்னறையில் படுத்தவள், கோயில் மணி அடித்தும் எழும்பவில்லை. அவள் விடுகிற குறட்டையில் இராஜாக்கமங்கலம் வரை தென்னைகள் காய் உதிர்க்கின்றன. புயல் என்று நினைத்துப் படகுகளெல்லாம் கரைக்கு ஓடிவருகின்றன.

சரி. தேங்காய் விழவில்லை. படகு வரவில்லை. குறட்டையும் இல்லை.

வெறுந்தரையில் கன்னத்தை வைத்து அவள் உறங்குகிறாள். அது மட்டும் உண்மை.