நாலு பேருக்கு மூன்று கோப்பை

மாதா துணை

குவீன்ஸ்டவுன்,
நவம்பர் 1985, ஞாயிறு மத்தியானம்.

என் பூச்சிக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்தை விசாரிக்கத் தேவையில்லை என்று கல்லறைத் திருநாள் பூசையில் சாமியார் சொல்லிவிட்டார். அங்கே காய்ச்சலும் இல்லை, கண்ணீரும் இல்லையாம். ஆனாலும் கேட்காமல் கடிதம் தொடங்க எனக்குத் தெரியாது. சுகமா பூச்சி?

என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. கொஞ்ச நாள் பள்ளிக்கூடம் போனவளுக்கு இவ்வளவுதான் வரும். வாய்விட்டு உன்னோடு பேசினால் பக்கத்து வீட்டு மங்களம் வாசலில் வந்து நின்று, யாருகிட்டக்கா பேசுறீங்க என்கிறாள். எழுதினால் தொந்தரவு இல்லை. மார்க்கெட்டுச் சாமான் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

உன் கல்லறைக்குப் போய் வந்தோம். மாப்பிள்ளை சிலுவைக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தார். அடித்துவிட்டு அதே கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டதில் மூக்கெல்லாம் பெயின்ட். அந்த முகத்தோடு பஸ்ஸில் வந்தார். ஒரு சீனக் குழந்தை வழியெல்லாம் அவரையே பார்த்துச் சிரித்தது. அவரும் சிரித்தார்.

ஆர்ச்சர்ட் ரோட்டைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. பூமிக்கடியில் ரயில் விடப் போகிறார்களாம், தோண்டிப் போட்டிருக்கிறார்கள். நீ வேலை பார்த்த கடைக்குப் பலகை மேல் நடந்து போக வேண்டியிருக்கிறது. உன் தேயிலைப் பகுதியில் இப்போது ஒரு சீனப் பெண் நிற்கிறாள். மாப்பிள்ளை போய் நின்றால் அவள் ஒன்றும் கேட்பதில்லையாம். சாக்லேட் தேயிலை டின்னை இறக்கிப் பொட்டலம் போட்டுவிடுகிறாள்.

அந்தத் தேயிலையை நீ முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? வேலைக்குச் சேர்ந்த புதிது. டின்னின் அடியில் தங்கியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்தாய். பிரித்ததும் வீடு முழுக்கச் சாக்லேட் வாசம். உள்ளே பார்த்தால் கறுப்புத் தேயிலை, நடுநடுவே மரப்பட்டைத் துண்டு மாதிரி கொக்கோ. நீ குளித்துவிட்டு வருவதற்குள் போட்டு வைப்போம் என்று, எனக்குத் தெரிந்த மாதிரி சட்டியில் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி, துணி வடிகட்டியில் இழுத்து, டின் பாலைத் தாராளமாக ஊற்றிக் கலக்கி வைத்தேன். தேக்காவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவரின் பெண்டாட்டிக்கு வேறு எப்படிப் போடத் தெரியும்? கரண்டி நட்டமாக நிற்க வேண்டும் என்பார் உன் அப்பா.

நீ ஒரு வாய் குடித்தாய். ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஐயோ அம்மா, சீமைத் தேயிலையை மைலோவா ஆக்கிட்டீங்களே லா என்றாய். பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற மைலோவா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிறு நீயே போட்டாய். தண்ணீர் கொதித்துச் சற்று அடங்கட்டும் என்றாய். பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. மேலே தட்டைப் போட்டு மூடிவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்ததுபோல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். வெறும் தே ஓ, இது என்ன சீக்காளிக்குக் குடுக்கிற மாதிரி என்று நான் முகம் சுளித்தேன். முதல் வாயில் ஒன்றும் இல்லை, துவர்ப்புதான். மூக்கு சாக்லேட் என்கிறது, நாக்கு தேத்தண்ணி என்கிறது. கண்ண மூடுங்கம்மா, முழுங்கிட்டு மெதுவா மூச்சு விடுங்க, இப்ப வரும் பாருங்க என்றாய்.

வந்தது. எல்லாம் உள்ளே போன பிறகு, தொண்டைக்குப் பின்னாலிருந்து, யாரோ சத்தமில்லாமல் கதவைத் திறந்து வருவதுபோல் வந்தது. இனிப்பே இல்லாத இனிப்பு. எனக்கு எங்கேயோ இருப்பதுபோல் இருந்தது. நான் போகாத ஒரு ஊர். அங்கே ஈரமாக ஒரு காடு, மரத்தடியில் இருட்டு, தூரத்தில் ஒரு வீட்டில் யாரோ எனக்காக விளக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். கண்ணைத் திறந்தால் குவீன்ஸ்டவுன் அடுப்பங்கரை. நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

இன்றைக்கும் கண்ணை மூடித்தான் குடிக்கிறேன். இப்போது அந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது பூச்சி. உள்ளே யார் நடமாடுவது என்று தெரிகிறது. பேச்சுக் குரல் மட்டும் கேட்பதில்லை.

கல்யாணம் முடிந்த மாதம் நீ வாங்கிய கோப்பைகள் அப்படியே இருக்கின்றன. வெள்ளையில் நீல விளிம்பு. பீங்கான் கடைக்காரர் நாலாக எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, நம்ம மூணு பேருதானே, நாலாவது ஆள் வர்றப்ப வந்து வாங்கிக்கிறேன் என்று வயிற்றைத் தொட்டுக்கொண்டு சிரித்தாய். மாப்பிள்ளை வெட்கப்பட்டுக் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

நீ போன பிறகும் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவர்தான் போடுகிறார். உன் மாதிரியே தண்ணீரை அடங்க விடுகிறார், உன் மாதிரியே மூடி வைக்கிறார். மூன்று கோப்பையிலும் ஊற்றுகிறார். உன்னுடையது மேசையில் ஆறிக் கிடக்கும். மங்களம் அதைப் பார்த்துவிட்டு, வேதக்காரவங்களும் எங்கள மாதிரி படைப்பீங்களாக்கா என்று கேட்டாள். படையலும் இல்லை ஒன்றும் இல்லை, ஊற்றிப் பழகிவிட்டது, அவ்வளவுதான் என்றேன். எதிர்வீட்டு ஜரீனா கதை வேறு. இந்த வாசம் வராந்தாவில் போனதும் தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். கேக்கு வெந்துருச்சா லா என்பாள். கேக்கு இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் அடுத்த ஞாயிறும் அந்தத் தட்டோடு வருவாள்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. சுற்றி வளைத்தது போதும்.

போன மாதம் ஒரு நாள் மாப்பிள்ளை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். அப்படி நின்றபடியே சொன்னார். அத்தை, அருள்ஜோதின்னு ஒரு பொண்ணு. தோ பாயோவுல ரேடியோ ஃபேக்டரியில வேலை செய்யுது. நம்ம கோயில் பாட்டுக் குழுவுலதான் பாடுது. எனக்குப் புரிந்துவிட்டது. குழாயை மூடாமலே மேலே சொன்னார். கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க சாமியாருகிட்ட பேரு குடுக்கணும். நீங்க சொன்னா குடுக்கிறேன். வேணாம்னா வேணாம் அத்தை. இப்படியே இருந்துக்குவோம், ஞாயித்துக்கிழமை தே குடிச்சிக்கிட்டு.

உனக்கு ஓலை வாசித்தது என் காதில் ஓடியது. மூன்று ஞாயிறும் நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சாமியார் முதலில் மாப்பிள்ளை அலெக்சாண்டர் பெயரைச் சொல்லி, அடுத்து உன் பெயரைச் சொன்னபோது நீ என் கையைக் கிள்ளினாய். அதே கோயிலில் அதே பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரை நான் எந்தக் காதால் கேட்பேன்?

அவர் கெட்டவர் இல்லை, உனக்குத் தெரியும். நீ போன அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி என் காலுக்குத் தைலம் தேய்க்கிறார். கல்யாணம் ஆனாலும் ரெண்டு பேரும் இங்கதான் இருப்போம்னு அது சொல்லுது அத்தை என்கிறார். போனால் நான் தனி. இருந்தால் உன் அடுப்பங்கரையில் இன்னொருத்தி. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வாங்க, பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். போன ஞாயிறு வந்தாள். கறிபஃப் வாங்கி வந்திருந்தாள். உன்னைவிடக் கறுப்பு, உன்னைவிட உயரம். ஆன்ட்டி, ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். மாப்பிள்ளை தேத்தண்ணி போட்டு வழக்கம்போல் மூன்று கோப்பையிலும் ஊற்றிவிட்டு, அப்புறம்தான் நாலாவது ஆள் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார். நான் எழுந்து போனேன். கை நேராக எவர்சில்வர் டம்ளரை எடுத்தது. அதில் ஊற்றி அவளிடம் கொடுத்தேன்.

கொதிக்கிற டம்ளர், பிடிக்கக் காது கிடையாது. அவள் கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். மேசையில் உன் கோப்பை ஊற்றியபடி சும்மா இருந்ததைப் பார்த்தாள். யாருடையது என்று கேட்கவில்லை. விரலெல்லாம் சிவந்துவிட்டதே என்று நானே சொன்னேன். பழக்கம்தான் ஆன்ட்டி, ஃபேக்டரியில கம்பிக்குச் சூடு வைக்கிறதுதானே வேலை, கம்பியில பாதி, கையில பாதி என்று சிரித்தாள்.

பிறகு என்ன செய்தாள் தெரியுமா? பால் டின் எங்க ஆன்ட்டி என்றாள். நான் கையைக் காட்டினேன். யாரும் வாயைத் திறப்பதற்குள் எடுத்து டம்ளரில் கவிழ்த்துவிட்டாள், கட்டி கட்டியாக, தாராளமாக. மாப்பிள்ளை முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கோயிலில் தீர்த்தத் தொட்டியில் யாரோ கால் கழுவியதைப் பார்த்த மாதிரி இருந்தது. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, நல்லாத்தானே இருக்கு, மைலோ மாதிரி, இதுக்கா நீங்க ஆர்ச்சர்ட் ரோடு போறீங்க என்று அவரைக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது பூச்சி. அடக்க அடக்க வந்தது. நீ போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மங்களம் சுவரைத் தட்டி, என்னாக்கா என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லக்கூட முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்த பிறகுதான் நின்றது. என் கோப்பையைக் காலி செய்து, உன் டம்ளரிலிருந்து எனக்குக் கொஞ்சம் ஊத்தும்மா என்று அவளிடம் நீட்டினேன். குடித்தேன். அதே மைலோ. அன்றைக்கு நான் காய்ச்சியதே. கண்ணை மூடினேன். காடு இல்லை, விளக்கு இல்லை. இந்த வீட்டுத் தரைதான். ஈரத் தலையோடு நீ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். குரலும் கேட்டது.

போகும்போது அவள் உன் படத்துக்கு முன்னால் நின்றாள். அழவும் இல்லை, கும்பிடவும் இல்லை. கோணிக்கிடந்த செபமாலையை நேராக்கினாள். திரும்பி என்னிடம், அக்கா எப்படிப் போடுவாங்கன்னு எனக்கும் சொல்லித் தாங்க ஆன்ட்டி, இல்லன்னா இவரு இப்படியே முறைச்சிக்கிட்டிருப்பாரு என்றாள். உன்னை அக்கா என்றாள். யாரும் சொல்லிக் கொடுத்துச் சொன்னதில்லை அது.

செவ்வாய்க்கிழமை தேக்காவுக்குப் போனேன். புது மார்க்கெட்டில் மீன் வாங்கிவிட்டு, சிராங்கூன் ரோடு ஓரமாகவே நடந்து, நாலாவது கோப்பை ஒன்று தேடினேன். நீ வாங்கிய பீங்கான் கடை இடிபட்டுவிட்டது. வேறு கடையில் நீல விளிம்பு கிடைத்தது. ஏறக்குறைய அதே மாதிரி. கடைக்காரர் காகிதத்தில் சுற்றக்கூடத் தொடங்கிவிட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாலாவது கோப்பை யாருக்கு என்று நீ வயிற்றைத் தொட்டுச் சொல்லியிருந்தாயே. அதை நான் வேறு யாருக்கு வாங்குவது?

இன்றைக்கு அவளுக்கு ஞாயிறு வேலை, வரவில்லை. நானும் மாப்பிள்ளையும் குடித்தோம். வெளியே மழை. அவர் ஓலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் கல்யாணக் காரியம் தள்ளிப்போகும், அடுத்த ஞாயிறுக்குள் பெயர் வேண்டும் என்று சாமியார்தான் பூசை முடிந்து என்னிடம் சொன்னார். மாப்பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பின்னாலிருந்து பார்த்தேன். தலை அங்கங்கே நரைத்துவிட்டது பூச்சி. நீ இருந்தால் பிடுங்கிவிட்டிருப்பாய்.

இப்போது அவர் உள்ளே தூங்குகிறார். உன் கோப்பையைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விளிம்பில் ஒரு சின்னச் சில்லு போயிருக்கிறது, நீ பல்லில் இடித்த இடம். வாசத்தை எவ்வளவு கழுவினாலும் போகவில்லை.

மாதா உன்னை மடியில் வைத்துக்கொள்ளட்டும். அங்கே உன் அப்பாவைப் பார்த்தால், கரண்டி நிற்கிற தேத்தண்ணி இல்லாமலும் அல்போன்சா பிழைத்துக்கொண்டாள் என்று சொல். எங்கள் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொள். மூன்று என்று எழுதிவிட்டேன், பார். அடித்துத் திருத்தவில்லை.

உன் அம்மா,
அல்போன்சம்மாள்.

அடுத்த ஞாயிறு அவள் வருகிறாள். இந்தக் கோப்பையில் அவளுக்கு ஊற்றட்டுமா, பூச்சி?