தொடாதே என்று கெர்னலுக்கு ஒரு வரி

செவ்வாய், இரவு.

கோவிலின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளின் படங்கள் இன்றுதான் பழுதில்லாமல் கணினியில் ஏறின. நான்கு நாட்களாக, மெமரி கார்டிலிருந்து நகலெடுக்கும்போதெல்லாம் ஏழெட்டுப் படங்கள் பாதி சாம்பல் நிறமாகிவிடும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு படங்கள். கார்டு பக்கத்து வீட்டு வில்சனுடையது. கல்யாணப் படம் எடுக்கிற அவன் இன்று மாலை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். மறுபடி படம் எடுக்கவும் வழியில்லை; பதிவேடுகளை முத்திரையிட்டு மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் கைதான் எதையோ தவறாக அழுத்துகிறது என்று நினைத்தேன். என் மனைவி ரோஸி சிரித்தாள். "ஏங்க, மிஷினு செஞ்ச தப்புக்கு நீங்க ஏன் பாவசங்கீர்த்தனம் பண்றீங்க?"

அதன் பிறகே, நகலெடுக்கும்போது படங்கள் கடந்துபோகும் தற்காலிக நினைவகமான ரேமைச் சோதித்தேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் தவறியது. அந்த இடத்தைத் தொடாதே என்று, கணினியை இயக்கும் லினக்ஸ் கெர்னலின் தொடக்க அமைப்பில் ஒரு வரி சேர்த்தேன். மறுபடி நகலெடுத்து, ஒவ்வொரு படத்தையும் கார்டில் உள்ளதோடு ஒப்பிட்டேன். எல்லாம் சரி. நம்பாமல் மூன்று முறை ஒப்பிட்டேன்.

வில்சன் வந்தான். "அங்கிள், வேணும்னா இன்னும் ஒரு நாள் வச்சிக்கோங்க. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"வேணாம்பா, அழிச்சிக்கோ" என்றேன். சொன்னது நான்தானா என்று ரோஸி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவன் கார்டோடு போய்க் கேட்டைச் சாத்துவதற்குள் நான் மறுபடி கணினிக்கு ஓடினேன். உட்கார்ந்து எல்லாப் படங்களையும் திறந்து பார்த்தேன். எல்லாப் பெயர்களும் தெளிவாக இருக்கின்றன. இப்போதும் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அத்தனை புள்ளைங்களுக்கும் திரும்ப ஞானஸ்நானம் குடுக்கப் போறீங்களா? வந்து படுங்க" என்கிறாள் ரோஸி.