கரை சேர்ந்த பேட்டரிகள்

எங்கள் வண்டியை விட்டு அவசரமாக இறங்கிப் போன என் அன்பு மாமாவுக்கு,

முதலில் சேதி. பேட்டரிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. பிள்ளைகள் காதில் மிஷின் ஓடுகிறது. இதைச் சொன்னால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும். இனி நீ திட்டலாம்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. இலங்கை மலையகத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்காக நீ சேர்த்த பேட்டரி அட்டைகள் பூஞ்சேரி வீட்டு அலமாரியில் அப்படியே இருந்தன. அந்தப் பள்ளி டீச்சர் மாமல்லபுரம் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது உன் டாக்சியில்தானே ஏறினார்? "எல்லாரும் புடவை வாங்கினு போவாங்க, நீங்க இன்னாம்மா பை நிறைய பேட்டரி வாங்கினு போறீங்க?" என்று கேட்டாயாம். அங்கே பேட்டரி கிடைப்பது பெரும்பாடு என்று அவர் சொல்ல, ஆரம்பித்தது உன் வேலை.

அதற்கப்புறம் உன் காரில் ஏறிக் கொழும்புக்குப் பறந்த யாரையாவது சும்மா விட்டாயா? "ரெண்டு கிலோ எடம் குடுங்க சார்." ஒட்டிக் கட்டிய பெட்டியை யாரிடமும் தரமாட்டாய். டிக்கியைத் திறந்து பொருளைக் காட்டி, பள்ளிக் கடிதத்தைக் கொடுத்து, அவர்கள் கையாலேயே அவர்கள் பெட்டியில் அடுக்க வைப்பாய். இதெல்லாம் வெட்டி வேலை என்று உன்னிடமே சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். "கேக்குதுடா, கத்தாத" என்றாய்.

போன மாதம் அந்த டீச்சர் என் அக்காவுக்குப் போன் செய்தார். கையிருப்பு தீர்ந்துவிட்டது, பிள்ளைகள் மிஷினைக் கழற்றிவைத்துவிட்டு உதட்டைப் பார்த்துப் பாடம் படிக்கிறார்கள் என்றார். நான் லீவு சொல்லி டிக்கெட் போட்டேன். சிற்பி ஏழுமலை அண்ணனும் ஒரு கோயில் வேலைக்காக அதே விமானத்தில் போவது தெரிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அப்புறம்தான் என் மூளை வேலை செய்தது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மதியம். பழுதான சரக்கைக் கொண்டுபோகக் கூடாது இல்லையா? பொத்தேரி காலேஜில் நாலு வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் நான். மல்டிமீட்டரோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பேட்டரியின் ஸ்டிக்கரையும் பிய்த்து வோல்டேஜ் பார்த்தேன். எல்லாம் நல்ல பேட்டரி. பெருமையாக நிமிர்ந்தால் எதிரில் அக்கா.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற?"

"டெஸ்ட் பண்றேன்."

"டேய், அதப் பிய்ச்சா காத்து பூந்துடும்டா! பிய்ச்ச நிமிஷத்துலேருந்து செத்துகினே வரும்னு மாமா தலப்பாடா அடிச்சிக்குவாரே!"

அவள் சொன்னது சரி. அந்த வகை பேட்டரி காற்றில் ஓடுவது. ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டால், போட்டாலும் போடாவிட்டாலும் சில வாரம்தான் ஆயுள். திரும்ப ஒட்டினாலும் முழுசாக நிற்காது. நீயும் ஒருநாள் சொன்னாய். "எனக்கே பேட்டரி பத்தி சொல்லித் தர்றியா?" என்று கேட்டவன் நான். ஒரு வருஷத்துக்கு வரவேண்டியதை ஒரு மாதச் சரக்காக்கிவிட்டேன். பிய்த்த ஸ்டிக்கர்கள் விரலில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன.

அக்கா உள்ளே போய் உன் போனை எடுத்துவந்தாள். அதை அவள் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. உன் பயணிகளை எல்லாம் சேர்த்து நீ வைத்திருந்தாயே 'ரெண்டு கிலோ' என்ற வாட்ஸப் குழு, அதைத் திறந்து நீட்டினாள். நீ போனதிலிருந்து அதில் யாரும் பேசவில்லை.

"இதுல போடு."

"மாமா நம்பர்லேருந்தா? பயந்துடுவாங்கக்கா."

"பயப்படட்டும். உன் நம்பர் எவனுக்குத் தெரியும்?"

போட்டேன். 'நான் அவருடைய மச்சான். பிள்ளைகளின் பேட்டரிகளை நான் கெடுத்துவிட்டேன். நாளைக் காலை விமானம். சைஸ் பதிமூன்று. யாராவது உதவ முடியுமா?' அதற்குமேல் அலங்காரம் எனக்கு வராது என்று உனக்குத் தெரியும்.

முதல் பதில் பல்லாவரத்துப் பெரியவரிடமிருந்து வந்தது, குரலாக. "ஒரு நிமிஷம் நெஞ்சே நின்னு போச்சு தம்பி. என் காதுக்கு வாங்கினது நாலு அட்டை கீது. எங்க வரணும்?" அடுத்து, கேளம்பாக்கத்தில் இரண்டு பேர் கடை கடையாக ஏறி இறங்குவதாக எழுதினார்கள். உன் போன் சூடாகிவிட்டது மாமா. உன்னை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறது!

காலையில் உன் காரை நான்தான் ஓட்டினேன். சீட்டை நீ வைத்த இடத்திலிருந்து நகர்த்த மனம் வரவில்லை. ஏர்போர்ட் வரை முட்டி இடித்துக்கொண்டே வந்தது. பார்க்கிங்கில் டிக்கியைத் திறந்தேன். ஒவ்வொருவராக வந்து அட்டைகளை வைத்தார்கள். பழைய அளவுக்கு மேலேயே சேர்ந்துவிட்டது. ஏழுமலை அண்ணன் தன் பெட்டியிலிருந்து நாலு உளியை எடுத்து, கூட வந்திருந்த அக்கா கையில் கொடுத்து இடம் பண்ணி, அட்டைகளைத் தானே அடுக்கிக்கொண்டார்.

"உளி அங்க வாங்கிக்கலாம்மா. இது கெடைக்காதுல்ல?" என்றவர், என்னைப் பார்த்துவிட்டுக் கூட்டத்திடம் சொன்னார். "இன்ஜினீயரு கையில மட்டும் குடுக்காதீங்கப்பா, பிய்ச்சிப் பாப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அப்போது சிரிக்க முடியவில்லை.

கொழும்பு ஏர்போர்ட்டில் பெட்டிகளைத் திறக்கச் சொன்னார்கள். யார் அடுக்கியது என்று கேட்டார் அதிகாரி. "நானேதான்" என்று ஏழுமலை அண்ணன் ஒவ்வொரு அட்டையையும் எடுத்துக் காட்டினார். பள்ளிக் கடிதத்தைப் படித்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். உன் வெட்டி வேலை எதற்கென்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

நான் பிய்த்த பேட்டரிகளையும் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதில் பாதியாவது வீணாகும், மறைக்கமாட்டேன். "பிரிச்சத மொதல்ல போட்டுத் தீர்ப்போம்" என்று டீச்சர் அன்றே எல்லாப் பிள்ளைகளுக்கும் மாட்டிவிட்டார். பத்து வயசுப் பெண் ஒருத்தி முன்னால் குனிந்து, "கேக்குதாம்மா?" என்றேன். எப்போதும் போலத்தான் கேட்டேன். அவள் முகத்தைச் சுளித்தாள். காதைப் பொத்திக்கொண்டாள்.

"கேக்குது. கத்தாதீங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சிரிப்பு வந்தது மாமா. நாலு மாதத்தில் முதல் சிரிப்பு.

உன் போன் அணையாது. அடுத்து யார் கொழும்புக்குப் போனாலும் டிக்கியைத் திறந்துவைப்பேன். அவர்கள் அடுக்கி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஒரு ஸ்டிக்கரிலும் கை வைக்கமாட்டேன். இது சத்தியம். இதை மெதுவாகத்தான் சொல்கிறேன். கேட்கிறதா?

முட்டி இடிக்க உன் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்,
சதீஷ்