கார்டு கெடவில்லை, அப்பா

அப்பா,

சாப்பாட்டை மேசைமேல் மூடி வைத்திருக்கிறேன். சாவி வழக்கமான ஆணியில்.

கேசட் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கேப்சர் கார்டு கெடவில்லை. அம்மாவின் வீடியோ கேசட்டைக் கணினியில் பதிவுசெய்ய முயன்றபோதெல்லாம் மென்பொருள் ‘கருவி எதுவும் இல்லை’ என்று சொன்னதற்குக் காரணம் இன்று காலையில்தான் புரிந்தது. அந்தக் கார்டு ஒரு சமயத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் வசப்படும். டிவியும் கேசட்டும் பார்க்கும் மென்பொருள் திரையின் அடியில் சுருங்கிக் கிடந்து, அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. விரித்தேன். கேசட் பாதியில் நின்றிருந்தது; ஓடவிட்டதும் அம்மா சிரித்தாள். ஒலியை மட்டும் அடைத்து வைத்திருந்தீர்கள்.

நேற்று நீங்கள், “நான் அந்தப் பக்கமே போகலம்மா” என்றீர்கள். “அப்ப பேயா வந்து நோண்டிச்சு?” என்று நான் கத்தினேன். அம்மா இல்லாத வீட்டில் அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஓட்டும் ஒவ்வொரு முறையும் அம்மாவின் முகத்தில் கோடுகள் கூடுகின்றன. ஆகவே மாலைவரை தயவுசெய்து ஓட்ட வேண்டாம். நான் வந்ததும், பதிவாகும்போதே சேர்ந்து பார்ப்போம்.

அந்த டிவி மென்பொருளை மூடினால்தான் பதிவு தொடங்கும். மூட எனக்குக் கை வரவில்லை, நீங்களே மூடுங்கள்.

பி.கு.: ஒலியையும் நீங்கள்தான் திறக்க வேண்டும். அம்மாவின் குரலைத் தனியாகக் கேட்க எனக்கும் தைரியம் இல்லை.